பெரியக்கா ஊருக்குப் போயிருக்கிறார்

அந்தக் காப்பக வீட்டில் காலடி வைத்த அன்றே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். புதுசு. வைத்தது மேனேஜர். மேனேஜர் என்றால் சம்பளம் வாங்குகிற மேனேஜர் இல்லை. அங்கே தங்கியிருந்த மூன்று பேரில் ஒருத்தி. முப்பது வயதைத் தாண்டியவள். பிறவியிலிருந்தே எதையும் கொஞ்சம் மெதுவாகத்தான் புரிந்துகொள்வாள், புரிந்துகொண்டதை லேசில் விடமாட்டாள். குழாயைச் சரியாக மூடாதவர் யார், தட்டில் மிச்சம் வைத்தவர் யார் என்பதெல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பாது.

இரண்டாவது ஆள் ரேடியோ. காலையில் ரேடியோவைக் காதோடு ஒட்டவைத்தால் படுக்கப் போகும்போதுதான் எடுப்பார். அவரால் யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. மூன்றாவது துரை. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பார்வை கிடையாது, கைகால் அவர் சொன்ன பேச்சைக் கேட்காது. சக்கர நாற்காலியில் முகத்தை நிமிர்த்திக்கொண்டு, "என்ன இருக்கு?" என்று அவர் கேட்கிற தோரணைக்காகவே அந்தப் பெயர். அவருக்கு யாராவது ஊட்டினால்தான் சாப்பாடு.

புதுசுக்கு இந்த வேலை லட்சியமெல்லாம் இல்லை. அம்மா படுத்த படுக்கையாக இருந்த காலம் முழுக்கக் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். அம்மா போன பிறகு, தம்பி வீட்டுக் கூடத்தில் ஒரு சோபா அவளுக்குப் படுக்கை ஆனது. தம்பி மனைவி நல்லவள்தான், வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தினமும் காலையில் சோபா உறையை உதறுகிற வேகத்திலேயே எல்லாம் தெரிந்தது. கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், தனி அறை உண்டு என்று கேள்விப்பட்டதும் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

அந்த அறையைத் திறந்து காட்டியவர் நிர்வாகி. எதையும் தணிந்த குரலில் சொன்னால் அது பொய்யாகாது என்று நம்புகிற மனிதர்.

"இதுக்கு முன்னாடி இருந்த பெரியக்கா தவறிட்டாங்க. பாத்ரூம்ல துரையைக் குளிப்பாட்டும்போது மாரடைப்பு. அவருக்குக் கண்ணு தெரியாதுங்கறதால ஒண்ணும் புரிஞ்சிருக்காது. ஆனா இவங்ககிட்ட சொல்லல. தாங்க மாட்டாங்க. ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லி வச்சிருக்கோம். நீங்களும் அதையே சொல்லிடுங்க."

"எவ்வளவு நாளைக்குங்க?"

"மறக்கற வரைக்கும்."

சேர்ந்த அன்றே வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள யாருக்கு மனசு வரும். அவள் தலையை ஆட்டினாள்.

பெரியக்காவின் சொந்தக்காரர்கள் வந்து பெட்டியை எடுத்துப்போயிருந்தார்கள். ஆனால் மேசை இழுப்பறையில் பாதி தீர்ந்த தலைவலித் தைலம் ஒன்று உருண்டுகொண்டிருந்தது. பின்வாசலில், துணி உலர்த்தும் இடத்துக்குப் போகிற வழியில், ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. இறந்தவர் பொருளை எடுத்துப் போட அவளுக்குக் கை வரவில்லை, அது அங்கேயே கிடந்தது.

மேனேஜர் தினமும் மாலையில் ஜன்னலோரம் போய் நிற்பாள்.

"இன்னைக்கு வருவாங்களா?"

"தெரியலம்மா. ஊர்ல ஏதாவது வேலை இருக்கும்."

"என்ன வேலை?"

இதற்குப் பதில் நிர்வாகி சொல்லிக்கொடுக்கவில்லை.

மேனேஜராவது கேட்டாள். துரை கேட்கவே இல்லை. வாயை மூடிக்கொண்டார், அவ்வளவுதான். புதுசு தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தாள். கரண்டியில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும், பிறகு கரண்டியைக் கீழுதட்டில் மெல்லத் தொடவைக்க வேண்டும், வாய் திறந்தால்தான் உள்ளே. பார்வை இல்லாதவருக்கு ஊட்டுகிற முறை அது. "உருளைக்கிழங்குங்க, நல்லா மசிச்சிருக்கேன்" என்பாள். உதடு திறக்காது. கெஞ்சினால் ஒரு வாய், இரண்டு வாய், அதற்கு மேல் முகம் திரும்பிவிடும். கன்னம் ஒட்டியது. சட்டைக் கழுத்து தொளதொளத்தது.

எடை பார்க்க வந்த நர்ஸ் எண்ணைப் பார்த்துவிட்டு அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள்.

"இன்னும் குறைஞ்சா இங்க வச்சிருக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரி வார்டுக்கு அனுப்பிடுவாங்க. மூக்கு வழியா குழாய் போட்டுதான் சாப்பாடு. அப்படிப் போனவங்க திரும்பி வந்ததா எனக்கு ஞாபகம் இல்ல."

அந்தக் குழாயை அவள் அம்மாவின் மூக்கில் பார்த்திருக்கிறாள். கையைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருந்தார்கள், பிடுங்கிவிடக் கூடாது என்று. இந்த மனிதரை அங்கே அனுப்பினால் தன்னால் தாங்க முடியாது என்று நிச்சயமாகத் தெரிந்தது.

அன்று மதியம் மழை வருகிற மாதிரி இருட்டியது. காய்ந்த துணியை எடுக்க ஓடியவள், அவசரத்தில் கண்ணில் பட்ட ரப்பர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள். காலையிலிருந்து மண்டை இடி, நெற்றியில் அந்தத் தைலத்தைத்தான் தேய்த்திருந்தாள். துணியை அள்ளிக்கொண்டு, செருப்பைக் கழற்ற மறந்து, சட்டக் சட்டக் என்று சாப்பாட்டு அறைக்குள் வந்தாள்.

துரையின் தலை சடாரென்று திரும்பியது. முகத்தில் சிரிப்பு, அதுவரை அவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

"பெரியக்கா."

இல்லைங்க, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் வாயைத் திறந்துவிட்டார். அகலமாக, குஞ்சுப் பறவை மாதிரி. ஆறிப்போய் மேசைமேல் கிடந்த கிண்ணத்தை அவள் பார்த்தாள். அந்தச் சட்டைக் கழுத்தைப் பார்த்தாள்.

"ம்" என்றாள்.

கிண்ணம் காலியானது.

ஒரு தடவை செய்ததை மறுநாள் செய்யாமல் இருக்க முடியுமா? செய்தாள். தைலம், செருப்பு, தணிந்த குரல். பெரியக்கா எப்படிப் பேசுவார் என்பதைக் கற்றுக்கொடுத்ததே துரைதான். "கண்ணு சொல்லலையே" என்பார். அடுத்த வாய்க்கு அவள், "இந்தாடா கண்ணு, கேரட் வருது" என்பாள். வாங்க போங்க எல்லாம் போய், வாடா போடா ஆகிவிட்டது. முதலில் சாப்பாட்டு வேளைக்கு மட்டும்தான் அந்த வேஷம். ஆனால் ஊட்டும்போது பெரியக்கா, குளிப்பாட்டும்போது புதுசு என்றால் எப்படி நடக்கும்? அதனால் குளிப்பாட்டும்போதும் பெரியக்கா. நகம் வெட்டும்போதும் பெரியக்கா. பெரியக்கா துணி மடிக்கும்போது பாட்டு முணுமுணுக்கிற ஆள் இல்லை போலிருக்கிறது, அதனால் புதுசும் தன் வழக்கமான பாட்டை நிறுத்திக்கொண்டாள்.

எடை ஏறியது. நர்ஸ் முதுகில் தட்டிக்கொடுத்தாள். நிர்வாகி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்ல ஐடியாங்க" என்றார், வழக்கமான தணிந்த குரலில்.

நல்ல ஐடியாவின் லட்சணம் அவள் உடம்பில் தெரிய ஆரம்பித்தது. அந்தச் செருப்பு இடது பக்கம் நன்றாகத் தேய்ந்திருந்தது. பெரியக்கா ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்திருக்க வேண்டும். கொஞ்ச நாளில் புதுசும் சாய்ந்து நடந்தாள். செருப்பைக் கழற்றிய பிறகும் சாய்ந்துதான் நடந்தாள். இடுப்பில் ஒரு வலி வந்து குடியேறியது, முன்பின் அறியாத வலி. ஒரு நாள் தம்பி ஃபோன் செய்தான்.

"அக்கா இருக்காங்களா?"

"நான்தான்டா பேசறேன்."

"யாரோ வயசானவங்கன்னு நெனச்சேன்" என்றான் தம்பி. "உடம்பு சரியில்லையா?"

ஃபோனை வைத்துவிட்டுக் கண்ணாடியில் முகம் பார்த்தாள். அவள் முகம்தான். ஆனாலும் வெகுநேரம் பார்த்தாள். நெற்றியில் தைலம் பளபளத்தது. தலைவலியே இல்லாமல் தேய்த்துக்கொண்டது. அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

இன்னொரு நாள், பட்டப்பகலில், அறையில் வெறுங்காலோடு உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடைக்கூடத்தில் சட்டக், சட்டக் என்று சத்தம். தான் இங்கே இருக்க, தன் காலடிச் சத்தம் அங்கே போகிறது. மயிர்க்கூச்செறிந்து எழுந்து போய்ப் பார்த்தாள்.

மேனேஜர். செருப்பை மாட்டிக்கொண்டு சுவரோரமாக நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பெரியக்காவோடது."

"ஆமாம்மா."

"ஊருக்குப் போறவங்க செருப்பு இல்லாம போவாங்களா?"

"வேற செருப்பு போட்டுட்டுப் போனாங்க."

"அவங்களுக்கு வேற செருப்பு கிடையாது" என்றாள் மேனேஜர். செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்துச் சுவரோரம் வைத்தாள். அன்று மாலை அவள் ஜன்னலுக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. புதுசோடு பேசுவதையும் விட்டுவிட்டாள். எங்கே போனாலும் அவள் பார்வை மட்டும் கூடவே வந்தது. பேயைப் பார்க்கிற பார்வை. அப்படிப் பார்த்தால் என்ன தப்பு என்று புதுசுக்கே தோன்றியது.

அந்த வாரத்திலேயே ஒரு மதியம். வெளியே நல்ல வெயில். ரேடியோ ஒரு மூலையில் காதைச் சாய்த்திருந்தார், மேனேஜர் மேசையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். துரை பாதிக் கிண்ணம் சாப்பிட்டுவிட்டு வாயை மூடினார்.

"போதுமாடா கண்ணு?"

"பெரியக்கா, புதுசு எங்க?"

கரண்டி பாதி வழியில் நின்றது.

"அவ பாட்டு கேக்கவே இல்ல. துணி மடிக்கும்போது பாடுவா. எங்க அவ?"

யோசித்துத்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் யோசிக்கிறதுக்கு முன்பே பதில் வந்து விழுந்துவிட்டது, தயாராக, தணிந்த குரலில். "ஊருக்குப் போயிருக்காடா கண்ணு."

துரையின் முகம் சுருங்கியது. "அவளும் செத்துட்டாளா?"

மேனேஜர் கையில் இருந்த தட்டு தட்டின் மேல் வைக்கப்படாமல் நின்றது. ரேடியோ மட்டும் ஏதோ விளம்பரம் பாடிக்கொண்டிருந்தது. தன்னைத் தானே கொன்று, அதற்கு அனுதாபமும் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது புதுசுக்கு. இதற்கு மேல் முடியாது என்று ஆகிவிட்டது. அவர் சாப்பிடாமல் போனாலும் சரி, வார்டுக்குப் போனாலும் சரி என்றுகூட அவளால் நினைக்க முடியவில்லை. அதை நினைக்கவே பயமாக இருந்தது. பயந்துகொண்டேதான் சொன்னாள், தன் குரலில்.

"நான் சாகலைங்க. நான்தான் புதுசு. இங்கேயேதான் இருக்கேன்."

அவர் காதைத் திருப்பினார். குரலை அடையாளம் கண்டுகொண்டது முகத்தில் தெரிந்தது.

"பெரியக்கா எழுந்து போயிட்டாங்களா?"

"பெரியக்கா இல்லைங்க. அவங்க..." என்று ஆரம்பித்து, மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்க இறந்துட்டாங்க. ஊருக்கெல்லாம் போகல. பொய் சொல்லிட்டோம்."

"தெரியும்" என்றார் துரை, குழந்தைக்குப் பாடம் சொல்கிற பொறுமையோடு. "என் கால் மேலதான விழுந்தாங்க. மூச்சு கேட்டுட்டே இருந்தேன். அப்புறம் கேக்கல."

அத்தனை நாளில் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவர் தாங்க மாட்டார் என்று இவர்கள் ஊமையாக இருந்தார்கள். அவரோ, இவர்களுக்கெல்லாம் தெரியாது போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"தெரியும்னா, தினமும் பெரியக்கான்னு கூப்பிட்டீங்களே?" என்றாள்.

"செத்தும் சாப்பாடு குடுக்க வர்றாங்கன்னு நெனச்சேன்." அவர் காற்றை முகர்ந்தார். "தைலம் யாரு?"

"நான்தாங்க."

"கண்ணுன்னு சொன்னது?"

"நான்."

"எல்லா நாளும்?"

"எல்லா நாளும்."

"அப்போ அவங்க ஒரு தடவகூட வரலையா?"

செத்துப்போன ஒருத்தியை இவர் பத்திரமாக வைத்திருந்தார், கிண்ணத்துக்கு ஒரு தடவையாக அவள் வந்துபோய்க்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்கிறேன் பேர்வழி என்று அவளையும் இப்போது பிடுங்கியாகிவிட்டது.

"வரலைங்க" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். பழக்கதோஷம், அவள் கை தானாகக் கரண்டியைக் கொண்டுபோனது. ஆனால் அது சாப்பிடத் திறந்த வாய் இல்லை. முதலில் சத்தமே வரவில்லை. வந்தபோது ரேடியோகூட ரேடியோவைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். மேனேஜர் தட்டை வைத்துவிட்டு வந்து, துரையின் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவரோடு சேர்ந்து அழுதாள். புதுசுக்கு அவர்களைத் தொடத் தைரியம் வரவில்லை. எழுந்து போகவும் மனசு வரவில்லை.

அன்று அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. மறுநாள் காலையிலும் இல்லை. நர்ஸ் எடை பார்க்க வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மதியம் வெறுங்காலோடு, தைலம் இல்லாமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

"உருளைக்கிழங்குங்க" என்று சொல்லி, கரண்டியைக் கீழுதட்டில் தொடவைத்தாள்.

துரை தலையைத் திருப்பி நடைக்கூடத்தின் பக்கம் காதைக் கொடுத்தார். வெகுநேரம் கேட்டார். பிறகு வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். அடுத்த கரண்டிக்கு முன்னாலும் அதே மாதிரி கேட்டார். செருப்புச் சத்தம் ஒன்றும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் வாய் திறந்தது.

அவள் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் கரண்டியைப் பிடித்தபடி, அவளும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.