நல்ல மூட்டைச் சாம்பிள்

திண்டிவனத்தில் குடல் புற்றுநோயால் யாரும் சாவதில்லை என்ற செய்தி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருக்கும் அரங்கநாதனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கிடைத்தது. மதியத்துக்குள் அது அவருடைய சாதனையாகிவிட்டது.

செய்தியைக் கொண்டுவந்தது ஒரு வரைபடம். ஏதோ ஓர் ஆராய்ச்சி நிறுவனம் வீடு வீடாகப் போய், பத்து வருஷத்தில் யார் யார் எதனால் செத்தார்கள் என்று கேட்டு, பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்ச் சாவுகளை மட்டும் பிரித்தெடுத்து, ஊர்வாரியாக வண்ணம் தீட்டியிருந்தது. விழுப்புரம் பழுத்த மிளகாயாய்ச் சிவந்து கிடந்தது. திண்டிவனம் நாற்றங்கால் மாதிரி பச்சை. பக்கத்தில் ஒரு கோட்டுப் படம். விழுப்புரத்தின் கோடு வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனது. திண்டிவனத்தின் கோடு படுத்தது படுத்தபடி கிடந்தது.

அரங்கநாதன் திண்டிவனம் நகர நலச் சங்கத்தின் தலைவர். சங்கத்துக்குச் செயலாளர் உண்டு, பொருளாளர் உண்டு, ஆண்டுவிழா உண்டு. நலம் மட்டும்தான் இதுவரை இல்லாமல் இருந்தது. இப்போது அதுவும் கிடைத்துவிட்டது. மூன்றாம் நாள் கடைத்தெரு முனையில் இருபதடி ஃபிளெக்ஸ் ஏறியது. மேலே, ‘குடல் புற்றுநோயை விரட்டிய திண்டிவனம்!’ நடுவில் கைகூப்பியபடி அரங்கநாதன். கீழ்மூலையில், கண்ணில் பட்டும் படாமலும், ஒரு பெருங்குடல்.

முதல் போன் விழுப்புரத்துக்குப் போனது. மகளைக் கொடுத்த இடம் அது. சம்பந்தி தாண்டவராயனுக்கு அங்கே அரிசி ஆலை. ரயில் ஜங்ஷனும் கலெக்டர் ஆபீசும் விழுப்புரத்தில் இருப்பதை அவர் தன் சொந்த முயற்சி போலவே பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அரங்கநாதன் பதிலுக்கு ஏதாவது கிடைக்காதா என்று பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்தார்.

“சம்மந்தி, படம் பாத்தீங்களா? உங்க ஊரு செவசெவன்னு இருக்குது!”

“பாத்தேன் சம்மந்தி. பாத்ததுலேருந்து ரெண்டு இட்லி கொறைச்சல். அதெப்படி உங்க ஊர்ல மட்டும் வர்றதில்ல?”

“கேப்பைக் கூழு, சம்மந்தி! அப்புறம் மல்லாட்டை. நாளெல்லாம் அரிசியத் தின்னுக்கினு இருந்தா குடலு இன்னாத்துக்கு ஆவும்?”

அரிசி ஆலைக்காரரிடம் சொல்லத் தகாத வார்த்தை. அரங்கநாதன் கடைசியாகக் கூழ் குடித்தது போன ஆடியில், மாரியம்மன் கோயிலில், போட்டோ எடுத்து முடிகிறவரை.

அந்த வரைபடத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர்களில் ஒருவர் அன்புச்செல்வி. ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு நேரே மண்டிக்கு வந்தார்.

“ஐயா, பச்சைன்னா சாவு இல்லன்னு அர்த்தம் இல்லீங்க. சொன்னவங்க கம்மின்னு அர்த்தம். விழுப்புரத்துல ஆஸ்பத்திரி சீட்டை எடுத்துக் காட்டுறாங்க. இங்க கதவத் தட்டிக் கேட்டா மூலம்ன்றாங்க, வயித்துவலின்றாங்க, வயசாயிடுச்சுன்றாங்க. நாப்பத்தெட்டு வயசுல செத்தவருக்கு வயசாயிடுச்சுன்னு எழுதிக்கினு வந்தேன்.”

“அது குடும்ப கௌரவம்மா. எந்த எடத்துல வந்துச்சுன்னு வாயத் தொறந்து எப்படிச் சொல்வாங்க?”

“அதைத்தாங்க நானும் சொல்றேன்.”

அன்புச்செல்வி தன்னோடு ஒத்துப்போவதாக அரங்கநாதன் எடுத்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில், அவர் கேட்ட குடல் பரிசோதனை முகாமுக்கும் தலையாட்டிவிட்டார். ஐம்பது தாண்டியவர்கள் மலத்தில் துளி எடுத்து ஒரு சின்னக் குழாயில் போட்டுக் கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் அதில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஜனங்கள் கூச்சப்படுவார்கள், தலைவரே முதல் குழாயைக் கொடுத்தால் மற்றவர்களும் கொடுப்பார்கள் என்றார் அன்புச்செல்வி. பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்றும் சொன்னார். இரண்டாவது சொன்னதுதான் அரங்கநாதன் காதில் விழுந்தது.

வீட்டுக்குப் போய்க் குழாயைக் கையில் எடுத்த பிறகுதான் விஷயம் உறைத்தது. கூச்சமாக இருக்கிறது என்று மனைவி சின்னபொண்ணுவிடம் சொன்னார். கூச்சத்துக்குக் கீழே இன்னொன்று இருந்தது. ஏதாவது வந்து தொலைத்தால்? இருபதடி உயரத்தில் இருப்பது அவர் முகமாயிற்றே.

மண்டித் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் வியாபாரி வந்து சாம்பிள் கேட்டால் கண்ட மூட்டையிலும் குத்தூசியைச் செருகி உருவுவதில்லை. நல்ல பருப்பு எந்த மூட்டையில் இருக்கிறது என்று மண்டிக்காரருக்குத் தெரியும். அதிலிருந்து ஒரு கை அள்ளித் தட்டில் வைப்பார். இதை ஏமாற்று என்று யாரும் சொன்னதில்லை. வாங்க வருகிறவரும் தன் ஊரில் அதைத்தான் செய்கிறார்.

அரங்கநாதன் மனசுக்குள் மூட்டைகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தார். முதல் தரம் எது என்பதில் சந்தேகமே வரவில்லை. சவுரியம்மாள். முப்பது வருஷமாக மண்டியில் மல்லாட்டை பொறுக்குகிறவர். வயசு ஐம்பத்தாறு. பெரிய வெள்ளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் தவிர லீவு போட்டதில்லை. தினம் காலையில் தூக்குவாளியில் கேப்பைக் கூழ். அது போட்டோவுக்கு இல்லை.

“சவுரி, உனக்கும் டெஸ்ட்டுக்குச் சொல்லி வெச்சிருக்கேன். இந்தக் குழாய்ல எடுத்துக் காலைல கொண்டாந்துடு.”

“கேம்ப்புலயே குடுக்கலாம்னு இருந்தேன் மொதலாளி.”

“அங்க ஒரே கும்பலா இருக்கும். நீ கியூவுல நின்னுக்கினு இருந்தா இங்க யாரு பொறுக்குறது? எங்கிட்ட குடு, நானே சேத்துடறேன்.”

முப்பது வருஷத்தில் சவுரியம்மாளுக்குத் தண்ணீர் கொடுக்கத் தன் வீட்டு டம்ளரை எடுத்ததில்லை அரங்கநாதன். மறுநாள் காலை அந்தக் குழாயை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ‘அரங்கநாதன், வயது 61, திண்டிவனம்’ என்று எழுதிய சீட்டை அதன்மேல் ஒட்டினார். முகாமில் அதை உயர்த்திப் பிடித்துப் போட்டோவுக்கு நின்றார். கைதட்டல் எழுந்தது. அன்றைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர் குழாய் கொடுத்தார்கள். அதில் சவுரியம்மாள் பெயர் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அன்புச்செல்வி வீட்டுக்கே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தணிந்த குரலில் பேசினார்.

“ஐயா, உங்க சாம்பிள்ல ரத்தம் இருக்குதுன்னு வந்திருக்குது. பயப்படாதீங்க, இது கேன்சர்தான்னு அர்த்தம் இல்ல. ஆனா கேமரா வுட்டுக் குடல பாத்தே ஆவணும். ஜல்தியா பாக்கணும்.”

அரங்கநாதனின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. அப்புறம் ஞாபகம் வந்தது. முகம் தெளிந்து, சிரிப்பே வந்துவிட்டது.

“அவ்ளோதானே? காப்பி சாப்பிடும்மா.”

இப்படியொரு தைரியசாலியை அன்புச்செல்வி பார்த்ததில்லை. காப்பியோடு வந்த சின்னபொண்ணு கதவோரமே நின்றுவிட்டார். பத்தாவது நிமிஷம் விழுப்புரத்தில் மகள் போனில் அழுதுகொண்டிருந்தாள். சாயங்காலம் தாண்டவராயன் ஆப்பிளும் சத்துமாவு டப்பாவுமாகக் காரில் வந்து இறங்கினார்.

“மனசு தளராதீங்க சம்மந்தி. எங்க ஊர்ல பெரிய பெரிய டாக்டருங்க இருக்காங்க. செவப்பு ஊராச்சேன்னு யோசிக்காதீங்க.”

“எனக்கு ஒண்ணும் இல்ல சம்மந்தி.”

“எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்வாங்க.” சின்னபொண்ணு பக்கம் திரும்பினார். “பாருங்க, இந்த நெலமையிலயும் எப்படி உக்காந்துக்கினு இருக்காரு! கூழு குடிச்ச ஒடம்பாச்சே.”

பன்னிரண்டு வருஷத்தில் தாண்டவராயன் இவ்வளவு பிரியமாகப் பேசி அரங்கநாதன் கேட்டதில்லை. அது என்னுடையது இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘பின்ன யாருது?’ என்பது அடுத்த கேள்வியாக வரும். மாசக் கடைசியில் சங்கத்தின் ஆண்டுவிழா, முகாம் நடத்தியதற்குக் கேடயம். அரங்கநாதன் ஓர் ஆப்பிளை எடுத்துக் கடித்தார்.

மறுநாள் சவுரியம்மாள் மண்டிக்கு அரை மணி நேரம் தாமதமாக வந்தார்.

“உங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னாங்க மொதலாளி. கோயிலுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு வர்றேன். என்னுது இன்னா ஆச்சு, வந்துச்சா?”

“உன்னுதா... நல்லா இருக்குது.”

“அப்பாடா! ஆறு மாசமா வெளிய போனா ரத்தமா போவுது மொதலாளி. மூலச்சூடுன்னு மோரா குடிச்சுக்கினு இருந்தேன். டெஸ்ட்டுலயே ஒண்ணும் இல்லன்னுட்டாங்கன்னா சூடுதான். இனிமே பயமில்ல.”

சவுரியம்மாள் போய் முறத்தின் முன்னால் உட்கார்ந்தார். அரங்கநாதன் முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவரை உற்றுப் பார்த்தார். கண்ணாடி வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. பாதி முறம் பொறுக்கியதும் கை நின்றது, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார், மறுபடி பொறுக்கினார். முதல் தர மூட்டை பாதியாய் இளைத்திருந்தது.

தலைவர்களுக்கு உண்மையைச் சொல்வதுதான் கடைசி வழி. அதற்கு முன்னால் வேறு வழிகளைப் பார்த்தார்.

“சவுரி, எதுக்கும் விழுப்புரம் போய் ஒரு கேமரா டெஸ்ட்டு எடுத்துக்கோயேன். கார் அனுப்புறேன்.”

“நல்லா இருக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒண்ணும் இல்லாத வயித்துல கேமராவ வுட்டுக்கினு... மொதல்ல நீங்க போய்ப் பாருங்க மொதலாளி. நாளக் கடத்தாதீங்க.”

அன்புச்செல்வியை அனுப்பினால் எல்லாம் வெளியே வந்துவிடும். இருதயமேரி என்று சவுரியம்மாளுக்கு ஒரு மகள், செஞ்சியில் இருந்தாள். அவளுக்குப் போன் போட்டு, எடுத்ததும் வைத்துவிட்டார். இப்படியே நான்கு நாள் போனது. ஐந்தாம் நாள் சவுரியம்மாள் முறத்தைத் தூக்கும்போது கால் மடங்கி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். மற்ற பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அரங்கநாதன் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

“சவுரி, அது என்னுது இல்ல. உன்னுது.”

“எது?”

“ரத்தம் இருக்குதுன்னு வந்தது. உன் குழாய்ல எம்பேர ஒட்டிக் குடுத்துட்டேன்.”

சவுரியம்மாள் மடியில் கிடந்த மல்லாட்டையை ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் போட்டார். கடைசிக் காயையும் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“அப்ப அந்த மெழுகுவத்தி எனக்குத்தான் ஏத்திக்கினேனா?”

அரங்கநாதன் முறத்தை எடுத்து ஓரமாக வைத்தார்.

“நல்ல மூட்டையிலேருந்துதான் சாம்பிள் எடுப்பீங்க, பாத்துக்கினுதான் இருக்கேன். ஆனா பிரிச்சுப் பாத்துட்டு எடுப்பீங்க. எம்மூட்டையப் பிரிச்சே பாக்கலியே மொதலாளி.”

“நாளைக்கே விழுப்புரம் போவலாம். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்.”

“போவலாம். ஆனா நீங்களும் வரணும். உங்களுது இன்னும் டெஸ்ட்டே பண்ணலியே.”

“எனக்கு எதுக்கு சவுரி?”

“வேணான்னா வுடுங்க. ஆண்டுவிழாவுல மைக்குல கேட்டுக்கிறேன்.”

இருவரும் காரில் போனார்கள். ஃபிளெக்ஸைத் தாண்டும்போது அரங்கநாதன் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில்தான் நிமிர்ந்தார். ஆஸ்பத்திரியில் பெயர் எழுதுகிற இடத்தில் ஊர் கேட்டார்கள். அவர் சன்னலுக்குள் தலையை விட்டுக் குசுகுசுத்தார்.

“ரெண்டு பேருக்கும் விழுப்புரம்னே போட்டுக்கங்க. சம்மந்தி வூட்டு அட்ரஸ் சொல்றேன்.”

“திண்டிவனம்!” பின்னாலிருந்து சவுரியம்மாளின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. “ரெண்டு பேரும் திண்டிவனம்தான், நல்லா எழுதுங்க. அவரு ஊருக்கே தலைவரு.”

சவுரியம்மாளின் குடலில் ஒரு கட்டி இருந்தது. புற்றுநோய்தான், ஆனால் வேறெங்கும் பரவவில்லை. ஆபரேஷனில் எடுத்துவிடலாம், இன்னும் ஆறு மாசம் மோர் குடித்துக்கொண்டிருந்தால் பேச்சே வேறு என்றார் டாக்டர். அரங்கநாதனின் குடலில் சுண்டுவிரல் நுனியளவு இரண்டு சதைமுளைகள். கேமராவோடேயே அறுத்து எடுத்தார்கள். விட்டிருந்தால் சில வருஷத்தில் புற்றுநோயாகியிருக்கலாம் என்றார்கள்.

அவருக்காக ஆண்டுவிழாவை ஒரு மாசம் தள்ளி வைத்திருந்தார்கள். அதற்குள் சவுரியம்மாள் ஆபரேஷன் முடிந்து, எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தார். விழாவுக்கு முதல்நாள் அரங்கநாதன் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

“மேடையில உம்பேரச் சொல்லிடட்டுமா சவுரி?”

“சொல்லுங்க. மூலம்னு மட்டும் சொல்லாதீங்க.”

மேடையில் தாண்டவராயன், நோயை வென்ற சம்பந்திக்குப் பொன்னாடை போர்த்தினார். முன்வரிசையில் சவுரியம்மாள் உட்கார்ந்திருந்தார். விஷயமே இல்லாமல் முக்கால் மணி நேரம் பேசக்கூடிய அரங்கநாதன், விஷயம் இருந்ததால் மூன்றே வாக்கியம் பேசினார்.

“அந்த சாம்பிள் என்னுது இல்லீங்க. சவுரியம்மாளுது. நான் பொய் சொல்லிட்டேன்.”

கைதட்டல் அடங்கவே இல்லை. இப்படி அடக்கமாகப் பேசுகிற தலைவரை யார் பார்த்திருக்கிறார்கள்? மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது: ‘தன் பரிசோதனைக் குழாயையே தொழிலாளிக்கு விட்டுக்கொடுத்து உயிர் காத்த வள்ளல்.’ சங்கத்துக்காரர்கள் புது ஃபிளெக்ஸுக்கு அளவெடுத்தார்கள். சவுரியம்மாளுக்கு அந்தத் தலைப்பை வாசித்துக் காட்டியபோது, தையல் வலிக்க வலிக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அன்புச்செல்வியிடம் மட்டும் அந்த வாரம் ஏழு வீட்டுக்காரர்கள் தனித்தனியாக வந்து, எங்கள் வீட்டுச் சாவு வயசானதால் இல்லை, மாற்றி எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பச்சை கொஞ்சம் பழுக்கத் தொடங்கியது.

இரண்டு மாசம் கழித்து சவுரியம்மாள் மண்டிக்கு வந்தார். கூலிக்குப் பொறுக்க அல்ல, பார்த்துவிட்டுப் போக. அன்றைக்கென்று சேலத்திலிருந்து எண்ணெய் வியாபாரி ஒருவர் வந்திருந்தார்.

“சாம்பிள் காட்டுங்க அண்ணாச்சி.”

அரங்கநாதன் வழக்கம்போல முன்வரிசை மூட்டையில் கையை வைத்தார். சவுரியம்மாள் ஆணியில் மாட்டியிருந்த குத்தூசியை எடுத்து, அடிவரிசையில் இருந்த மூட்டையில் செருகி உருவி, வந்ததைத் தட்டில் கொட்டினார். நல்லதும் சொத்தையும் கலந்து கிடந்தன. வியாபாரி தட்டைப் பார்த்தார், அரங்கநாதனைப் பார்த்தார்.

“இதுதாங்க சாம்பிள்” என்றார் அரங்கநாதன்.