தீப்பெட்டிக்குள் செத்துப்போன நத்தைகள்

என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் சொல்வது இதுதான்: கரிசல் வயல்களில் கோடை தாங்காமல் சிறுநத்தைகள் கூண்டோடு இறக்கின்றன. ஆதாரம், பாசிப்பயறு பருமனில் நூற்றுப்பன்னிரண்டு ஓடுகள். வயலுக்கு ஒரு தீப்பெட்டி. உள்ளே இடைசெவல், கடம்பூர், நாகலாபுரம் என்று ஊர் எழுதிய துண்டுச்சீட்டு. கோவில்பட்டியில் தீப்பெட்டிக்கு என்ன பஞ்சம்? திங்கட்கிழமை ஏட்டை ஒப்படைத்தால் நான் டாக்டர் ஆரிப். மாமனார் வீட்டில் இப்போதே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வயிற்றுவலிக்கு மாத்திரையும் கேட்டாயிற்று.

சனிக்கிழமை எங்கள் தெருவில் தண்ணீர் வந்தது. பத்து நாளைக்கு ஒருமுறைதான் வரும். அன்று வீட்டில் குடம் வைக்காத இடம் இருக்காது. என் மனைவி நுஸைபா தீப்பெட்டிகள் இருந்த என் மேசையையும் விடவில்லை. ஒரு குடத்தில் கீறல். ஞாயிறு காலையில் தீப்பெட்டிகள் ஊறிக் கூழாகிக் கிடந்தன.

"மச்சான், ஒங்க மவுத்தாப்போன நத்தையெல்லாம் சொவத்துல ஏறுது, வந்து பாருங்க!"

ஓட்டின் வாயைச் சளிப்படலத்தால் மூடிக்கொண்டு மழை வரும்வரை தூங்குவது நத்தையின் வழக்கம். இதை நான் வகுப்பில் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. எழுந்ததும் பசி போலிருக்கிறது, துண்டுச்சீட்டுகளைத் தின்றிருந்தன. எது எந்த ஊர் என்று இனி அதுகளுக்கே தெரியாது.

"இதுல ஆம்பளை எது, பொம்பளை எது?"

"ஒவ்வொண்ணும் ரெண்டுந்தான்."

"அப்ப மாமியார் யாருக்கு? குடுத்து வச்சதுங்க."

"சொவத்தைத் தொடைச்சுட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன், பாதி விளையாட்டாக. மீதிப் பாதி கையில் பழைய துணியோடு நின்றது. ஒரு நத்தை கொம்பை நீட்டி என் விரலைத் தொட்டுப் பார்த்தது. துணியைப் போட்டுவிட்டு, வழிகாட்டி செண்பகராஜ் சாருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"ஏம்யா, ஒண்ணரை வருசமா ஒருதடவகூடத் தண்ணி தெளிக்கலியா?"

"இல்ல சார்."

"நாளைக்கு வராத. அடுத்த வருசம் பாப்போம். மொதல்ல எத்தனை உசுரோட இருக்குன்னு எண்ணு."

இவ்வளவு மெதுவாக நகரும் பிராணியை எண்ணுவதற்குள் மூன்று முறை தப்பவிட்டேன். நுஸைபா சாக்பீஸ் எடுத்துவந்து, எண்ணிய ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டாள். எல்லாம் வட்டத்தைத் தாண்டிப் போயின.

"நீங்க அந்தப் பக்கம் போங்க, இங்கன நான் எண்ணுதேன்."

வெயில் ஏறும்வரை எண்ணினோம். தொண்ணூற்றேழில் அவள் மேசையருகே குனிந்து நின்றுவிட்டாள்.

"சத்தம் போடாதீங்க மச்சான். இங்கன ஒண்ணு வெளிய வரவா வேண்டாமான்னு யோசிக்குது."