ஆறாவது துளை

1

இந்தக் கதை ஒரு நாள் திடீரென்று மனதில் உதித்தது என்றெல்லாம் அளக்கமாட்டேன். ஒரு குதிரையின் இரண்டு தோளிலும் உள்ளங்கை அகலத்துக்கு முடி தேய்ந்து, தோல் தெரிந்தது. அதை முதலில் பார்த்தவள் நான். பார்த்தும் வாயைத் திறக்காமல் இருந்தவளும் நான்தான். அதற்குப் பிராயச்சித்தமாக (பெரிய சொல், அடித்துவிடுகிறேன்) இதை எழுதுகிறேன்.

கதையில் ஓர் அண்ணன், ஒரு தங்கை. தங்கை நான். கடைசிப் பக்கம்வரை இதை ஒளித்துவைத்து உங்களைத் திடுக்கிட வைத்திருக்கலாம். அந்தச் சாமர்த்தியமெல்லாம் இப்போது வேண்டாம். அண்ணன் காலை நேரத்தில் லாயத்தில் என்ன செய்கிறார், என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாது. பதினொரு மாதமாக எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை. ஆகவே அவர் தனியாக வரும் இடமெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

முதல் தொடக்கம்: "பனி விலகாத புல்வெளியில் ஒரு மனிதன் தன் தனிமையோடு…"

சகிக்கவில்லை. அண்ணன் பனியையெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை, வந்ததும் சாணி அள்ளுவார்.

இரண்டாவது தொடக்கம்: "ஒரு கல்நெஞ்சக்காரன் இருந்தான்."

எழுதும்போது சுகமாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது.

மூன்றாவது தொடக்கம், இது நிற்கட்டும்: அண்ணன் லாயத்துக் கதவைத் திறந்ததும் சின்னவளின் போர்வையைத்தான் பார்த்தார். சின்னவள் என்பது அண்ணனும் தங்கையும் வேலை பார்க்கும் சவாரிப் பள்ளியின் பெண் குதிரை. அவளைப் பெற்றவள் பெரியவள். குளிர் மாதங்களில் சின்னவளுக்குத் தடித்த போர்வை உண்டு. மார்புக்குக் குறுக்கே ஒரு தோல் வார், ஒரு பக்கிள், ஐந்து துளை. மதியம்வரை அவளைப் பார்த்துக்கொள்வது அண்ணன், அதற்கு மேல் தங்கை.

போர்வை ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. "ஒழுங்கா கட்டத் தெரியுதா பாரு," என்று முணுமுணுத்தபடி அவர் அதைக் கழற்றி, சின்னவளைத் தேய்த்துவிட்டு, மறுபடி போர்த்தி, வாரை ஒரு துளை இறுக்கினார். மதியம் தங்கை வந்தாள். போர்வை மறுபடி சரிந்திருந்தது. "பெரிய அனுபவஸ்தராம்!" என்று அவளும் ஒரு துளை இறுக்கினாள். அடுத்தடுத்த நாட்களிலும் இதே கதை, ஐந்து துளையும் தீர்ந்தது.

(வார் நேற்று எந்தத் துளையில் இருந்தது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. பார்ப்பதற்கு மற்றவர் வேலைமேல் கொஞ்சமாவது மரியாதை இருக்க வேண்டும்.)

உண்மையில் சின்னவள் இளைத்திருந்தாள். பெரியவள் போனதிலிருந்து தீவனத்தில் பாதியை மிச்சம் வைத்தாள். உடம்பு வற்றினால் போர்வை நழுவத்தான் செய்யும். சின்ன அளவில் வேறு போர்வை வேண்டும். "என்ன, இவ இளைச்சுட்டாளா?" என்று ஒருவர் மற்றவரைக் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

3

ஏன் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரியவளுக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. டாக்டர் கைவிரித்தார். நான் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். வந்து சேர்ந்தபோது பெரியவளை ஊசி போட்டு முடித்து, தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். சரி என்று தலையாட்டியது அண்ணன்.

"இன்னும் அரை மணி நேரம் பொறுக்கக்கூடாதா?"

"அவ தாங்கலம்மா."

"நான் தாங்குவேனான்னு நினைச்சியா?"

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. அந்தக் குதிரையைக் குட்டியிலிருந்து வளர்த்தவள் நான். முகத்தைக்கூடப் பார்க்கவிடவில்லையே என்று இன்றைக்கும் நெஞ்சு கொதிக்கிறது.

(இந்த இடத்தில் "அண்ணன் அழுதார்" என்று எழுதி அடித்தேன். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.)

4

இது கற்பனையில்லை, நான் அங்கே நின்றிருந்தேன். வியாழக்கிழமை டாக்டர் வந்தார், கூடவே முதலாளியம்மாவும். டாக்டர் தோலைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தார்.

"பூஞ்சை இல்ல, பூச்சியும் இல்ல. போர்வை உரசினதுதான்." வாருக்கடியில் கையை நுழைக்கப் பார்த்தார். விரல்கூடப் போகவில்லை. "நெஞ்சுக்கும் வாருக்கும் நடுவுல உள்ளங்கை தாராளமா போகணும். இது என்னது, ஆறாவது ஓட்டையா? ஆணி வச்சு அடிச்சிருக்கு. யார் பண்ண வேலை?"

அண்ணன் அந்தத் துளையைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், பதினொரு மாதத்தில் முதல் தடவையாக.

"நான்தான்," என்றார்.

"இருபது வருஷமா குதிரை பாக்கறவர் செய்யற காரியமா இது?" என்றார் முதலாளியம்மா. "திங்கக்கிழமையிலேர்ந்து வைக்கோல் கொட்டகையைப் பாத்துக்குங்க. குதிரைப் பக்கம் வரவேண்டாம்."

"சரிம்மா."

ஆணியும் சுத்தியலும் எடுத்து அந்தத் துளையைப் போட்டது நான். நான் அங்கேயே, கையில் பிரஷ்ஷோடு, எல்லாவற்றையும் மென்று முழுங்கிக்கொண்டு நின்றேன்.

5

இங்கேதான் பாத்திரம் என் கையில் நிற்கவில்லை. கல்நெஞ்சக்காரனாக எழுதினால் அந்த "நான்தான்" அவர் வாயில் ஒட்டவே மாட்டேன் என்கிறது. அவரும் இறுக்கியவர்தானே, அந்தக் குற்றவுணர்ச்சி என்று எழுதிப் பார்த்தேன். அது பாதிக்குத்தான் போதும். மீதியை எழுத எனக்குத் தைரியம் இல்…

(அடிக்குறிப்பு. டாக்டர் சொன்ன வைத்தியம்: போர்வையைக் கழற்றிக் காற்றாட விடு. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் துடைத்து, ஈரம் போக ஒற்றியெடு. போர்வையைத் துவைத்துச் சோப்பு மிச்சமில்லாமல் அலசு. தோள் படும் இடத்தில் உள்பக்கம் வழுவழுப்பான துணி வைத்துத் தை. கழுத்துப் பக்கமாகப் போட்டு, முடி படிந்த திசையிலேயே பின்னால் இழு. முன்னால் இழுத்தால் முடி எதிர்த்து நின்று ஒடியும். தினமும் அடியில் கையை விட்டுப் பார். சில வாரத்தில் முடி வந்துவிடும். தோல் ஆழமாகப் பட்ட இடத்தில் மட்டும் வெள்ளையாக முளைக்கலாம்.)

இதையெல்லாம் செய்துவிட்டேன். சின்ன அளவுப் போர்வையும் வந்துவிட்டது, துணியையும் தைத்தாயிற்று. குதிரைக்குச் செய்ய வேண்டியதில் பாக்கி எதுவும் இல்லை.

6

முடிவு ஒன்று: தங்கை வாயைத் திறக்கவில்லை. சின்னவள் காலையும் மாலையும் அவள் பொறுப்பு. முடி முளைக்கிறது. திரும்பப் படித்துவிட்டு அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: தங்கை உண்மையைச் சொல்கிறாள். "ஐயோ, முதல்லயே சொல்லியிருக்கலாமே!" என்கிறார் முதலாளியம்மா. அண்ணன் சிரித்துக்கொண்டே தங்கையின் தலையில் தட்டுகிறார். கண்ணீர்.

அவர் தலையில் தட்டும் இடத்தை மூன்று தடவை எழுதினேன், ஒவ்வொரு தடவையும் இன்னும் நன்றாக வந்தது. மூன்றையும் கிழித்துப் போட்டேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்று. முதலாளியம்மா ஐந்து வரைக்கும் ஆபீஸில் இருப்பார். எழுதிக்கொண்டே இருந்தால் போகாமலே இருந்துவிடலாம் என்பது எனக்கு நன்றாகவே தெரிகிறது. அதனால் நிறுத்துகிறேன்.

நான் போனேனா, சொன்னேனா என்பதை உங்களிடம் விடுகிறேன். அவருக்கு லாயம் திரும்பக் கிடைத்தது என்று முடியுங்கள், எனக்கு வேலை போனது என்று முடியுங்கள், எனக்குச் சம்மதம். அண்ணன் என்னை மன்னித்தார் என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். அவர் காலையில் முணுமுணுத்ததையெல்லாம் நானாக எழுதினேன். ஆனால் இந்த மன்னிப்பை எழுத எனக்கு உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. அது அவர் வாயிலிருந்து வர வேண்டும். வராமலும் போகலாம்.