பால்கனியில் மட்டும் பறந்த ஃபைவ்ஜி

புது வீட்டுக்குக் கேபிள் இன்டர்நெட் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றவர் வீட்டுக்காரர்தான். கைபேசிக் கம்பெனி ஒன்றில், எங்கெல்லாம் சிக்னல் கிடைக்கிறதோ அங்கெல்லாம் வரைபடத்தில் பச்சை பூசும் பிரிவுக்கு அவர் மேலாளர். அப்பேர்ப்பட்டவர் வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டு ஒயர் இழுத்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள்?

அன்று பதினொரு மணிக்கு அவருடைய மனைவிக்கு வீடியோவில் நேர்முகத் தேர்வு. மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. குழந்தைக்காக விட்ட தொழிலுக்குள் மறுபடி நுழைய அவளுக்கு வந்த முதல் அழைப்பு அது. துணைக்கு இருக்கலாமே என்று அவளுடைய அண்ணன் காலையிலேயே வந்து இறங்கினார். அவர் போட்டிக் கம்பெனியில் சிம் கார்டு விற்பவர். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"மாப்பிள்ளை, உங்க ஃபைவ்ஜி ஹால்ல எடுக்குதா?"

"என்ன கேள்வி மச்சான் இது? நீங்க கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள ஒரு சினிமாவையே இறக்கிடும்."

"எங்க நின்னு?"

வீட்டுக்காரர் பால்கனிக்கு நடந்து வேகச் சோதனையைத் தட்டினார். எண் எகிறியது. "தொள்ளாயிரம்!"

"அப்படியே குளியலறைக்கு வாங்க."

அங்கே ஃபைவ்ஜி மூச்சை விட்டுவிட்டது. மச்சானின் ஃபோர்ஜி பன்னிரண்டு காட்டியது.

"பன்னிரண்டெல்லாம் ஒரு வேகமா? மாட்டு வண்டி!"

"மாட்டு வண்டின்னாலும் வீட்டுக்குள்ள வருது. உங்க ராக்கெட் பால்கனியிலேயே இறங்கிடுதே!"

ஒப்பீடு என்றால் முழுமையாக இருக்க வேண்டாமா? மூன்றாவது கம்பெனியின் சிம் மனைவியின் போனில் இருந்தது. அவள் தலை வாரிக்கொண்டிருந்த நேரம் அதையும் எடுத்துக்கொண்டார்கள். சமையலறை, படுக்கையறை, கட்டிலுக்கு அடி என்று ஓர் இடம் விடவில்லை. ஒவ்வொரு சோதனையும் டேட்டாவை வாரி விழுங்கும் என்பது இரண்டு நிபுணர்களுக்கும் தெரியும். தெரிந்ததை நினைத்துப் பார்க்கத்தான் அவகாசமில்லை.

அவள் வந்து உட்கார்ந்து லேப்டாப்பைப் போனோடு இணைத்தாள். இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது என்றது போன்.

"அண்ணா, உன் போனைக் கொடு."

அண்ணன் தன் போனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "அதுவும் காலிம்மா."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருவருக்கும் தோன்றியது.

"என்னங்க, உங்க ஆபீஸ் போனுக்கு அளவே இல்லைன்னு பீத்துவீங்களே. பால்கனிக்குப் போய் ஹாட்ஸ்பாட் போடுங்க. அண்ணா, நீ வாயைத் திறக்காத."

சோதனைக்கு ஒரு நிமிடம் தாக்குப்பிடித்த சிக்னல் இப்போது கிராதிக்கு வெளியே கையை நீட்டினால்தான் நிலையாக நின்றது. கொடியில் தொங்கிய ஈரப் போர்வை முதுகில் ஒட்ட, மேலாளர் கையை நீட்டியபடி நின்றார். எதிர்வீட்டுக்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பதிலுக்குக் கையாட்டினார்.

உள்ளிருந்து கேள்வி கேட்டது: வேலையில் நீங்கள் எடுத்த கடினமான முடிவு எது?

"ஒரு தடவை ஒரு லாட் மாத்திரையை முழுசா நிறுத்தினேன்" என்றாள் அவள். "ரிப்போர்ட்ல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா சாம்பிள் மொத்தமும் மேல் அடுக்குப் பெட்டியிலிருந்து எடுத்தது. கை எட்டற இடம் அதுதானே. அடியில இருந்ததைத் திறந்தா ஈரம். என் மேலதிகாரி ரொம்ப நாள் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை."

வீட்டுக்காரருக்குக் கை வலித்தது. அவருடைய பிரிவின் அளவெடுக்கும் வண்டி பெரிய சாலைகளில்தான் ஓடும். எந்த வீட்டுப் படியும் ஏறியதில்லை. இந்தத் தெருவுக்குப் பச்சை பூசியது அப்படித்தான். அந்தப் பச்சையை நம்பித்தான் இந்த வீட்டையும் பிடித்தார். அதைவிட இன்னொன்று உறுத்தியது. இந்த மாத்திரை விஷயத்தை அவள் ஒருநாள் சாப்பாட்டின்போது சொல்ல ஆரம்பித்தாள். அவர்தான் குறுக்கே புகுந்து ஆன்டெனாவின் சாய்வைப் பற்றி விளக்கினார். ரசம் ஆறும்வரை விளக்கினார்.

கை மரத்தது. இறக்கவில்லை.

"போதும், உள்ள வாங்க" என்று குரல் வந்தது. "அடுத்த ரவுண்டுக்கு நேர்ல வரச் சொல்லிட்டாங்க."

"நேர்லன்னா கவரேஜ் தொல்லை இல்லை" என்று அண்ணன் வாயைத் திறந்தார். "மாப்பிள்ளை, கடைசியா ஸ்பீடு எவ்வளவு வந்துச்சு?"

"பாக்கலை மச்சான்." வீட்டுக்காரர் தோளை நீவிக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார். "அந்த லாட்... அப்புறம் என்ன ஆச்சு?"

கிண்டலா என்று அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் சோதித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. நடுவுல பேசினா எழுந்து போயிடுவேன்."