இதற்கு என் மனைவியைக் கேட்கவும்

உதவிக்காரி முதன்முதலாகக் காணாமல் போனது, அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, மாமியாரின் கண்ணெதிரே, கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு. இருபது நிமிடம் கழித்து அதே இடத்தில், அதே வெங்காயத்தோடு திரும்பி வந்தாள். இடைப்பட்ட நேரத்தில் அவள் நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில், எழுத்தரின் மேசைக்குப் பக்கத்தில், வெறுங்காலோடு நின்றிருந்தாள். எழுத்தர் கணினியில் உதவிக்கான எஃப் ஒன் விசையை அழுத்தியிருந்தார். அதனால் போக வேண்டியதாயிற்று. மாமியார் முழுவதையும் கேட்டுவிட்டு, "போறதுதான் போறே, அடுப்பை அணைச்சுட்டுப் போகக் கூடாதாம்மா?" என்று மட்டும் சொன்னார்.

உதவிக்காரி என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். பள்ளிகளுக்கு வகுப்பு நேர அட்டவணை போட்டுத் தரும் மென்பொருள் ஒன்றைச் செய்து விற்கிற, பதினோரு பேர் வேலை பார்க்கிற சின்ன நிறுவனம் அது. திரையில் திறக்கிற ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஓர் உதவிப் பக்கம் உண்டு. அந்தப் பக்கங்களை எழுதுவது அவள் வேலை. ஜன்னல்களைச் செய்வது அவள் கணவனின் வேலை. அவனை எல்லாரும் ஜன்னல்காரன் என்றார்கள். இருவரும் அடுத்தடுத்த மேசைகளில் உட்கார்ந்து, பேசிப் பழகி, கல்யாணமும் செய்துகொண்டு, அதன் பிறகும் அதே மேசைகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவன் கெட்டவன் இல்லை. அவளுக்குத் தலைவலி என்றால் கேட்காமலே மாத்திரை வாங்கி வந்து வைப்பான். ஆனால் கேட்காமலே செய்வதுதான் அவனுடைய எல்லாக் காரியமும். யாரிடமும் எதையும் கேட்க மாட்டான், யாருக்கும் எதையும் சொல்லவும் மாட்டான். 'கீழே உள்ள நீலப் பொத்தானை அழுத்தவும்' என்று அவள் எழுதி முடித்த மறுநாள் பொத்தான் மேலே போயிருக்கும், நிறம் சாம்பலாகியிருக்கும். ஏன் சொல்லவில்லை என்றால், "இதுல சொல்ல என்ன இருக்கு? பார்த்தாலே தெரியும்" என்பான்.

மூன்றாம் பதிப்பு வெளியாவதற்கு முந்திய வாரம் முப்பத்தேழு ஜன்னல்களைப் புதிதாகச் செய்து சேர்த்தான். உதவிப் பக்கம் வர வேண்டிய இடம் காலியாக இருந்தால் மென்பொருள் முரண்டு பிடிக்கும் என்பதால், அவள் பார்த்துச் சிரிக்கட்டும், பிறகு நிரப்பிக்கொள்ளட்டும் என்று, முப்பத்தேழு இடத்திலும் 'இதற்கு என் மனைவியைக் கேட்கவும்' என்று ஒரு வரி போட்டுவைத்தான். போட்டுவைத்ததைச் சொல்ல மறந்துபோனான். அறுநூற்றுப் பன்னிரண்டு பள்ளிகளுக்கு அந்த வரி அப்படியே போய்ச் சேர்ந்தது. பள்ளிக்காரர்கள் கேட்டார்கள். அவள் போனாள்.

முதல் மாதத்தில் நூற்று நாற்பது முறை போய் வந்தாள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் அழுத்தினால் முந்தி அழுத்தியவரிடம்தான் போவாள். மற்றவர் திரையில் மணற்கடிகாரம் சுழன்றுகொண்டிருக்கும். உதவி ஜன்னலை மூடினால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுவாள். மூடுவதில்தான் தொல்லை. பாதிப் பேர் அதை மூட மாட்டார்கள். திரையின் அடிக்கு இறக்கிவைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போவார்கள். ஒரு தலைமையாசிரியை அப்படி இறக்கிவைத்துவிட்டுப் பெற்றோர் கூட்டத்துக்குப் போய்விட, மூன்று மணி நேரம் உதவிக்காரி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றாள். அதன் பிறகு வீட்டுக்குள்ளும் செருப்போடுதான் நடந்தாள். தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் ஒரு நோட்டும் வைத்த பையைத் தோளிலிருந்து கழற்றுவதில்லை. மாமியார் செருப்பைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு அவரே கடைக்குப் போய் வீட்டுக்குள் போடுவதற்கென்று ஒரு மெல்லிய ஜோடி வாங்கி வந்தார்.

நிற்பதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு. அவளுக்குத் தெரியாத ஜன்னல்களுக்காகத்தான் அவளைக் கூப்பிட்டார்கள். தெரிந்த ஜன்னல்களுக்குப் பக்கம் எழுதியிருந்தாளே! அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஏதோ ஒரு சின்னத்தைக் காட்டி, "இது எதுக்குங்க?" என்று கேட்பார். இவளும் அதைக் குனிந்து பார்த்து, "அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்பாள்.

"உதவின்னு போட்டிருக்கே?"

"நான்தாங்க உதவி."

"நல்லா இருக்கு போங்க," என்று அவர் ஜன்னலை மூடுவார். அவள் வீட்டில் இருப்பாள்.

ஜன்னல்காரன் இதை ஒரு சின்னக் கோளாறாகத்தான் எடுத்துக்கொண்டான். அடுத்த திருத்தத்தில் அந்த வரியை முப்பத்தேழு இடத்திலிருந்தும் எடுத்தும்விட்டான். வரி போனது, அவள் போவது நிற்கவில்லை. பக்கம் எழுதினால்தான் நின்றது. விடுமுறைப் பட்டியல் ஜன்னலுக்கு அவள் ஒழுங்காக ஒரு பக்கம் எழுதி, அது எல்லாப் பள்ளிக்கும் போய்ச் சேர்ந்த அன்றிலிருந்து அங்கிருந்து அழைப்பு வரவில்லை. ஆக, வழி தெரிந்துவிட்டது. ஆனால் எழுத வேண்டுமானால் ஜன்னல் என்ன செய்கிறது என்று செய்தவன் சொல்ல வேண்டும். அவன் பார்த்தாலே தெரியும் என்றான். அவளாக முட்டி மோதித் தெரிந்துகொண்டு எழுதி முடித்தால், அவன் ஜன்னலை மாற்றினான். எழுதியது பொய்யானதும் மறுபடி அவளைக் கூப்பிட்டார்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது 'மாற்று ஆசிரியர்' ஜன்னல். ஓர் ஆசிரியர் வராத நாளில் அவருடைய வகுப்பை யார் எடுப்பது என்று அதுதான் முடிவு செய்யும். ஆறு கட்டங்கள், மூன்று பட்டியல்கள். அவன் அதை ஆறு முறை மாற்றினான். அவள் ஆறு முறை எழுதினாள். ஆறாவது மாற்றம் நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று மாலை நான்கு மணிக்கு, வேலையிலிருந்து சீக்கிரமே வந்து சமையலறையில் போனை சார்ஜரில் சொருகிக்கொண்டிருந்தவளை ஒரு பள்ளி எழுத்தர் அழைத்தார். அவள் எழுதிய பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார் அவர்.

"வலது மூலையில் உள்ள பச்சைப் பொத்தானை அழுத்தவும்னு போட்டிருக்கீங்க. எங்கம்மா பச்சைப் பொத்தான்?"

"நேத்து வரைக்கும் இருந்துச்சுங்க."

"நேத்து எங்க வாத்தியார் எல்லாரும் வந்திருந்தாங்களே," என்றார் எழுத்தர். மணி அடித்ததும் உதவி ஜன்னலைக் கீழே இறக்கிவைத்து, திரையை மட்டும் அணைத்து, கணினியையே அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, கழிவறைக்குப் போயிருந்தவளை மறந்து கதவைப் பூட்டிவிட்டுப் போனார். தொலைபேசி தலைமையாசிரியையின் அறைக்குள் இருந்தது. அந்த அறையும் பூட்டு. அணைந்த திரையை மறுபடி போட்டுப் பார்த்தாள். கணினி கடவுச்சொல் கேட்டது. மின்கம்பியைப் பிடுங்கலாமென்றால் அதை ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு. பிஸ்கட்டும் குழாய்த் தண்ணீருமாக, ஒரு பெஞ்சில், உலகப்படத்துக்குக் கீழே இருந்தாள். திங்கட்கிழமை எழுத்தர் வந்து, "இன்னுமா இருக்கீங்க?" என்று கேட்டபடி ஜன்னலை மூடினார்.

சமையலறையில் வந்து நின்றவளைப் பார்த்து மாமியார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஜன்னல்காரன் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"எங்க போயிருந்தே?" என்றான்.

"நீங்க எங்கன்னு நெனச்சீங்க?"

"உங்கக்கா வீட்டுக்குப் போயிருப்பேன்னு..."

"அக்காகிட்ட போன் பண்ணிக் கேட்டீங்களா?"

மாமியார்தான் பேசினார். "ரெண்டு நாளா நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், ஒரு வார்த்தை கேளுடான்னு. கடைசியில நானே கூப்பிட்டேன், இங்க வரலைன்னாங்க. அதைச் சொன்னா, வந்துருவாம்மாங்கறான்."

"போன் அதோ சார்ஜர்ல கிடக்கு," என்றாள் உதவிக்காரி. "அக்கா வீட்டுக்குப் போறவ போனை விட்டுட்டா போவா? பார்த்தாலே தெரியலையா?" பிறகு, அவன் நினைத்ததையே உண்மையாக்கிவிடலாம் என்று சொல்லி, பையோடும் செருப்போடும் பேருந்து ஏறி அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மருமகளை வழியனுப்பிவிட்டு வந்த மாமியார் மகனுக்கு நான்கு நாள் காப்பி போடவில்லை.

அக்கா வீட்டில் எட்டு மாதம் இருந்தாள். முதலாளி மாதிரி ஒரு மனிதர் அமைவது அரிது. எங்கிருந்து வேண்டுமானாலும் எழுதம்மா, இந்தப் பள்ளிக்காரர்கள் என்னைத் திட்டாமல் இருந்தால் போதும் என்றார். அவள் வழியை மாற்றினாள். ஜன்னல்காரனிடம் கேட்பதை விட்டுவிட்டு, அழைத்தவர்களிடமே கேட்டாள். நீங்கள் என்ன செய்யப் பார்த்தீர்கள், எங்கே நின்றீர்கள், அப்புறம் எதை அழுத்தினீர்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டாள். பொத்தானின் பெயரையே திருப்பிச் சொல்லுகிற பழைய வாக்கியங்களை அடித்துவிட்டு, அவர்கள் கேட்ட கேள்வியையே தலைப்பாக வைத்து எழுதினாள். ஒவ்வொரு ஜன்னலாக அழைப்பு ஓய்ந்தது. அக்கா கணவர் தொடக்கத்தில் மச்சினி மறைகிறபோதெல்லாம் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு எழுந்து நிற்பார். மூன்றாம் மாதத்தில் பக்கம் திருப்புவதோடு நிறுத்திக்கொண்டார். ஜன்னல்காரன் வாரம் ஒருமுறை போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் என்ன பேசியிருப்பான் என்று அக்காதான் அலுத்துக்கொண்டாள்: "நல்லாயிருக்கியான்னு கேட்கக்கூட மாட்டான். இருப்பேன்னு அவனே நெனச்சுக்குவான்."

எட்டாவது மாதம் முப்பத்தாறு பக்கங்கள் முடிந்திருந்தன. 'மாற்று ஆசிரியர்' ஒன்றுதான் பாக்கி. எத்தனை பள்ளிக்குப் போய்க் கேட்டும் அதன் மூன்றாவது கட்டம் எதற்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதுவும் முடிந்துவிட்டால் இனி யாரும் அவளை எங்கும் கூப்பிட முடியாது. நிம்மதி என்று அக்காவிடம் சொன்னாள். சொல்லும்போது போர்வை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள்; பாதி மடிப்பில் காணாமல் போனாள்.

வந்து நின்ற இடம் அவளுக்குத் தெரிந்த இடமாக இருந்தது. அவளுடைய மேசையில் யாரோ கோப்புகளை அடுக்கியிருந்தார்கள். பக்கத்து மேசையில் ஜன்னல்காரன், விரல் இன்னும் எஃப் ஒன் மேலேயே இருக்க, உட்கார்ந்திருந்தான். பதினான்கு வருட வேலையில் அவன் அந்த விசையை அழுத்தியது அதுதான் முதல் தடவை.

"சொல்லுங்க, என்ன உதவி வேணும்?" என்றாள், எல்லாரிடமும் கேட்கிற அதே குரலில்.

"இந்த மூணாவது கட்டத்துல டிக் பண்ணா என்ன ஆகும்?"

"பார்த்தாலே தெரியுமே."

"தெரியல," என்றான். "காலையில இருந்து பார்க்கிறேன். நான்தான் எழுதினது. ஏன் எழுதினேன்னே தெரியல. உனக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாது."

"அன்னைக்கு நான் போன் பண்ணிக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்," என்றாள். போர்வையை மடித்து முடித்து, கோப்புகளை நகர்த்தி, அவளுடைய நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சரி, முதல் வரியில இருந்து வாங்க. இது என்ன பண்ணுது?"

அவன் சொன்னான். புரியாத இடத்தில் அவள் நிறுத்தினாள். அவன் மறுபடி சொன்னான். நான்கு மணி நேரம் அப்படிப் போனது. முடிவில், மூன்றாவது கட்டம் எதனோடும் இணைக்கப்படவே இல்லை என்று கண்டுபிடித்தார்கள். அவன் ஏதோ யோசித்துப் போட்டு, வேறு யோசனை வந்து அப்படியே விட்டிருக்கிறான். அறுநூற்றுப் பன்னிரண்டு பள்ளிகளும் இத்தனை நாளாகத் தவறாமல் அதில் டிக் செய்துகொண்டிருந்தன. அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'மூன்றாவது கட்டம்: இதனால் ஒன்றும் ஆகாது' என்று எழுதினாள். முப்பத்தேழாவது பக்கம் முடிந்தது.

ஜன்னல்காரனுக்குத் திறந்ததை மூடிவிடுகிற பழக்கம் உண்டு. கை தன்னால் நகர்ந்து, அம்புக்குறி உதவி ஜன்னலின் மூலையில் இருந்த பெருக்கல் குறிக்குப் போய் நின்றது. அவள் அதைப் பார்த்தாள். மூடினால் அவள் அக்கா வீட்டில் இருப்பாள். புதுப் பக்கம் நாளைக்கு எல்லாக் கணினிக்கும் போய்விடும். பிறகு அழைக்க வழி இல்லை.

"மூடட்டுமா?" என்று கேட்டான். அவன் அவளிடம் கேட்ட மூன்றாவது கேள்வி அது, ஒரே நாளில்.

"வேண்டாம்."

அவன் அதைக் கீழே இறக்கிவைத்தான்.

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. மென்பொருள் ஏழாம் பதிப்புக்கு வந்துவிட்டது. மூன்றாவது கட்டத்தை எடுத்துவிடப் பார்த்தபோது நாற்பது பள்ளிகள் சண்டைக்கு வந்ததால் அது அப்படியே இருக்கிறது. ஜன்னல்காரனின் மேசையில் ஒரு கணினியில் மட்டும் இன்னும் மூன்றாம் பதிப்பு, புதுப் பக்கம் ஏற்றப்படாமல், அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் துடைக்க வருகிறவரிடம் முதலாளியே நின்று, விசைப்பலகையைத் தொடாதே என்று சொல்வார். மின்சாரம் போய் பேட்டரியும் தீர்ந்துவிடுகிற நாட்கள் வருடத்துக்கு இரண்டோ மூன்றோ வரும். அப்போது உதவிக்காரி எந்த வேலையில் இருந்தாலும் அக்கா வீட்டுக் கூடத்தில் போய் நிற்பாள். அக்கா கணவர் பக்கம் திருப்புவார். "கரன்ட் போயிருச்சா?" என்று கேட்டபடி அக்கா ஒரு தம்ளர் தேநீரும் உரிப்பதற்கு நான்கு வெங்காயமும் கொண்டுவந்து வைப்பாள். பெரும்பாலும் மூன்றாவது வெங்காயத்துக்குள் கணினி எழுந்துவிடும், ஜன்னல்காரன் எஃப் ஒன் அழுத்திவிடுவான். மீதியை அக்கா உரித்துக்கொள்வாள்.