ரத்தத்தில் வந்த ஒன்பது

“அம்மா, உன் ரத்தம் உன்னைப் பத்தி என்ன கோள் சொல்லுச்சு?”

ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆறு வயது மகள் இப்படிக் கேட்டதும், படுத்திருந்த தையல்காரி சிரித்துவிட்டாள். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு முதல் மருந்து ஏற்றி அப்போது சில நாள்தான் ஆகியிருந்தது.

“கோளா? யாருடி சொன்னா?”

“பாட்டிதான். ரத்தமே சொல்லிடுச்சாம், நீ தேற மாட்டியாம். அப்பா சரின்னு தலையாட்டினாரு.”

சிரிப்பு நின்றது.

நடந்தது இதுதான். மருந்து ஏற்றிய அன்று ஓயாமல் வாந்தி எடுத்தவளுக்கு நர்ஸ் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார். மறுநாள் காலை ரத்தம் எடுத்தார்கள். வெள்ளணுக்களில் ஒரு வகை எகிறியிருந்தது, இன்னொரு வகை சரிந்திருந்தது. ஒன்றை மற்றதால் வகுத்தால் ஒன்பது. அந்த எண் கூடினால் ஆயுள் குறையக்கூடும் என்று இளம் டாக்டர் படித்திருந்தார். அந்த ஊசியே எண்ணை ஏற்றிவிடும் என்பதையும் அவர் படித்திருந்தார்தான். ஊசி போட்டார்களா என்று பார்க்கத்தான் மறந்துபோனார். மறைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் கணவனை வராந்தாவுக்கு அழைத்து, “ஒன்பது வந்திருக்கு. மனசைத் தயார் பண்ணிக்கோங்க” என்றார்.

வேன் ஓட்டும் அந்தக் கணவனுக்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்ள அதிக நேரம் பிடிக்கவில்லை.

குழந்தையின் பின்னாலேயே மாமியாரும் நாத்தனாரும் உள்ளே வந்தார்கள்.

“கம்மலைக் கழட்டிக் குடும்மா. இங்க தொலைஞ்சுடும்” என்றாள் மாமியார்.

“நான் இருக்கும்போது எப்படித் தொலையும் அத்தை?”

“நீ இருக்கிற வரைக்கும் தொலையாதுதான் அண்ணி” என்றாள் நாத்தனார்.

திருகு இறுகிக் கிடந்தது. நாத்தனார் சோப்பு தடவி இழுத்தாள். காதில் ரத்தம் துளிர்த்தது. குழந்தையைக் கையோடு கூட்டிப்போனார்கள். அதன்பின் யாரும் எட்டிப்பார்க்கவில்லை.

அடுத்த முறை எடுத்த ரத்தத்தில் எண் இரண்டுதான். டாக்டர் பதறிப்போய்க் கணவனுக்குப் போன் செய்து தன் தப்பை ஒப்புக்கொண்டார்.

“என்ன சார், ஆளுக்கு ஒரு பேச்சுன்னா பரவால்ல, நீங்களே ரெண்டு பேச்சு பேசறீங்க? நாங்க பொண்ணு பாத்தாச்சு” என்றான் அவன். பின்னாலிருந்து மாமியாரின் குரலும் கேட்டது: “அப்ப சாக மாட்டாளாமா?”

வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு முடிந்தது. இனி உள்ளே கருவி வைத்துக் கொடுக்க வேண்டும். அது நடக்காவிட்டால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். கருவி வைக்கும் நாள் முழுக்கச் சொந்தக்காரர் ஒருவர் கூடவே இருந்தாக வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. தையல்காரி கணவனைக் கூப்பிட்டாள். “சவாரி இருக்கு” என்று வைத்துவிட்டான்.

பக்கத்துக் கட்டில்காரியை எல்லோரும் மேனேஜர் என்பார்கள். பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் பிரிவை அதட்டி நடத்தியவள். வார்டையும் அப்படியே நடத்தினாள். அவளுக்கும் இதே நோய். அவளுடைய எண் ஒன்றரை என்பதால் அவளைப் பார்த்தாலே டாக்டர்களுக்கு முகம் மலரும்.

“எனக்குத் துணைக்கு இருக்கிற என் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போ. உன் அக்கான்னு சொல்லிடுவா” என்றாள் மேனேஜர்.

“ஜாடையே இல்லையேக்கா.”

“துணைக்கு ஆள்தானே கேக்கறாங்க, ஜாடையா கேக்கறாங்க?”

“உங்களுக்கு வயிறு போயிட்டே இருக்கு. யாரு பாத்துப்பா?”

“நான் என்ன பிஸ்கட்டா, நமத்துப்போக? போடி.”

நர்ஸுகள் இருவர், கட்டில்களோ வார்டு நிறைய. தங்கை மாலையில் திரும்பும் வரை மேனேஜர் நனைந்த விரிப்பிலேயே கிடந்தாள். தங்கை சொல்லித்தான் அது தையல்காரிக்குத் தெரிந்தது. மேனேஜர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

தையல்காரி தேறினாள். கணவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். வந்தவளுக்குப் பிடிக்கவில்லை என்று குழந்தையை ஒரு பையோடு இவள் வாசலில் இறக்கிவிட்டுப் போனான். வேனின் என்ஜினைக்கூட அணைக்கவில்லை.

எண் நன்றாக இருந்த மேனேஜருக்கு மறுவருஷமே நோய் திரும்பியது. அந்த எண் பொய்யில்லை. ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் அது சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் எந்த ஒருத்தியின் நாளையும் குறித்துக் கொடுக்க அதற்கு அதிகாரம் இல்லை. அது ஆண்டவன் தன்னிடமே வைத்துக்கொண்டது.

பரிசோதனைக்கு வந்த தையல்காரி பழைய வார்டை எட்டிப்பார்த்தாள். மேனேஜர் ஓரக் கட்டிலில், இழுத்துவிட்ட திரைக்குப் பின்னால், நினைவில்லாமல் கிடந்தாள். தங்கை மருந்து வாங்கப் போயிருந்தாள். விரிப்பு நனைந்திருந்தது.

வெந்நீர் கொண்டுவந்தாள். மெல்ல ஒரு பக்கமாகப் புரட்டி, இடுப்பையும் தொடையையும் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுத்தாள். முதுகில் உறுத்தாதபடி சுருக்கமில்லாமல் புது விரிப்பை இழுத்துச் செருகினாள். அழுக்குத் துணியைக் குழாயடியில் அலசிப் பிழிந்து கம்பியில் போட்டாள்.

“வலி மட்டும் வேண்டாம் சாமி” என்று வாய்க்குள் சொன்னாள். வராந்தாவில் தங்கையின் செருப்புச் சத்தம் கேட்டதும், அவள் கண்ணில் படாமல் எதிர்ப்பக்கத்துப் படியில் இறங்கிவிட்டாள்.