பாண்டிச்சேரிக் கிராப்பு

துலுக்கானத்தின் தலையில் இரண்டு வருஷ முடி. குழந்தை பிறந்தால் திருப்பதியில் இறக்குவதாக நேர்ந்துகொண்டு வளர்த்தது. அம்பத்தூர்ப் பட்டறையில் லேத்து மிஷின் ஓட்டும்போது கொண்டையாக முடிந்து, மேலே துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வான். பெண் பிறந்து ஐந்து மாதம். அடுத்த சனிக்கிழமை மலைக்குப் போவதாக இருந்தது.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஓவர்டைம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, கூட வேலை பார்க்கும் கஜபதியோடு பாண்டிச்சேரி போனான். சென்னையில் அப்போது மதுவிலக்கு. அங்கே தெருவுக்கு நாலு கடை.

மூன்று பாட்டில் பீருக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் நடந்தார்கள். ஒரு சலூனில் சுவர் முழுக்கக் கண்ணாடி. துலுக்கானம் உள்ளே போய் உட்கார்ந்தான்.

"கிராப்பு. ஸ்டைலா."

சோடா குடிக்கப் போயிருந்த கஜபதி வந்து பார்த்தான்.

"அடப்பாவி, இன்னா பண்ணிக்கினே?"

கண்ணாடியில் தெரிந்தவனை ரசித்துக்கொண்டிருந்த துலுக்கானம் அப்போதுதான் தரையில் கிடந்த முடியைப் பார்த்தான். போதை இறங்கிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் கஜபதி சொன்னான்: "லேத்துல முடி மாட்டிக்கிச்சு, மேஸ்திரி வெட்டி உட்டாருன்னு சொல்லு மச்சான். நான் சாட்சி."

"ஏழு வருசமா ஓட்டறேன். துண்டு நூலு ஒண்ணு மாட்னது கெடையாது. மாட்டிக்கிச்சுன்னு நானே சொல்லணுமா?"

"சாமிக்குப் பயப்படல, லேத்துக்குப் பயப்படறான் பாரு."

வீட்டு வாசலில் நாகவல்லி அவன் தலையைப் பார்த்ததும் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"மிஷின்ல அடிபட்டுச்சா?"

"மிஷின்ல நான் தப்பு பண்ண மாட்டேன்."

"தெரியும். பின்ன?"

பீரையும் சலூனையும் சொன்னான். ஓவர்டைம் பொய் என்றும் சொன்னான். அவள் தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"சனிக்கெழம என் முடிய எறக்கறேன்."

"நேந்துகினது நானு. மறுபடி வளக்கறேன்."

"அப்ப இவ முடியும் இருக்கட்டும். ஒண்ணா எறக்குங்க. அதுவரைக்கும் பாண்டிச்சேரி பேச்சே இருக்கக் கூடாது."

மறுநாள் பட்டறையில் விசில் பறந்தது.

"இன்னா நைனா, ரெண்டாங் கல்யாணமா?"

"குடிச்சேன். வெட்டிக்கினேன்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். கேட்பது இரண்டே நாளில் நின்றது. அவன் குடிப்பதும் நின்றது.

பெண்ணுக்கு மூன்றாம் வயது பிறந்ததும் மலை ஏறினார்கள். அதற்குள் அவள் முடி இரட்டைப் பின்னலாகியிருந்தது. கத்தியைப் பார்த்து அழுதாள். துலுக்கானம் முதலில் தலையைக் குனிந்தான். பாதி மொட்டையில் அவனைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கியதும் இரண்டு மொட்டைகளையும் நாகவல்லி முன்னால் நடக்கவிட்டாள். கடைத்தெரு வழியாகத்தான் போகவேண்டும் என்றாள்.

அது சுற்றுவழி.